நட்சத்திரம், அருணகிரி, நட்சத்திரம்

திரையில் "அருணகிரி_மறுபடியும்_பாஸ்வேர்டை_மறந்தார்" என்று ஒரு வரி வந்து பச்சையானது. அடுத்து "அருணகிரி_ஒரே_ரூமை_ரெண்டு_பேருக்குக்_கொடுத்தார்" வந்தது. அதுவும் பச்சை. மூன்றாவதாக "அருணகிரி_நாய்க்குட்டி_பேரில்_ரூம்_போட்டார்" வந்தபோது, பிரிசில்லா வாயில் வைத்த டீயை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மணி பத்தே கால். பதினோரு மணிக்கு அந்த அருணகிரி நேரிலேயே வருகிறார். வந்து, இதே திரைக்கு எதிரே உட்கார்ந்து, இதே வரிகளைத்தான் பார்க்கப்போகிறார்.

செங்கல்பட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது ஹரிஹரனின் கம்பெனி. லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கான மென்பொருள்தான் அவர்கள் சரக்கு. ரூம் பதிவு, சாவி, படுக்கைத் துணி மாற்றுவது எல்லாம் அதில் அடக்கம். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாற்காலி ஏழு, ஆள் ஐந்து. அந்த ஐந்து பேருக்கும் சோறு போடுகிற வாடிக்கையாளர் அருணகிரி. மாமல்லபுரத்தில் ஒன்று, சதுரங்கப்பட்டினத்தில் ஒன்று, திருவிடந்தையில் ஒன்று என்று கடலோரமாக மூன்று லாட்ஜ் வைத்திருந்தார்.

மென்பொருளைச் சோதிப்பது பிரிசில்லாவின் வேலை. லாட்ஜில் ஏதாவது கோளாறு என்றால், யார் எந்தப் பட்டனை அழுத்தி அது வந்தது என்ற பதிவு கம்ப்யூட்டர் வழியாகவே இங்கே வந்துவிடும். கோளாறைச் சரிசெய்த கையோடு, அது மறுபடி தலைகாட்டாமல் இருக்கக் காவலுக்கு ஒரு சோதனை எழுதி வைப்பார்கள். கோளாறு திரும்பவில்லை என்றால் பச்சை, திரும்பிவிட்டால் சிவப்பு. இப்படிச் சேர்ந்து சேர்ந்து இப்போது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.

அந்தப் பெயர்தான் வினை. வைத்தவன் கலைவாணன். பிரிசில்லாவுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்துவிட்டு, இப்போது பெங்களூரில் இருக்கிறவன். "பேரப் பாத்தாலே யாரு, இன்னா செஞ்சாங்கன்னு தெரியணும்" என்பது அவன் கொள்கை. பதிவில் இருந்த ஆளின் பெயரைத் தூக்கி அப்படியே சோதனைக்குச் சூட்டிவிடுவான். அருணகிரியின் லாட்ஜ்களிலிருந்து வந்த பதிவில் எல்லாம் இருந்த பெயர் அருணகிரி. கலைவாணன் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதியிருந்தான். வாசகர் கண்மேல் இரக்கப்பட்டு இங்கே தமிழ் எழுத்தில் தரப்படுகிறது. இடையிடையே இருக்கும் கோடு மட்டும் அவன் போட்டது.

பிரிசில்லா அருணகிரியை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பெயர்களைப் படித்துப் படித்தே அவரைப் பற்றி ஒரு படம் வைத்திருந்தாள். பாவப்பட்ட மனிதர். ஒரு நாள் ஒற்றை விரலால் தட்டித் தடவுகிறார். மறுநாள் சும்மா பறக்கிறார். மூன்று லாட்ஜிலும் மாறி மாறி உட்கார்ந்து உழைக்கிறார். உழைப்பில் பாதி தப்பு.

முந்தின நாள் சாயங்காலமே ஹரிஹரன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"சென்னைக் கம்பெனிக்காரன் ஒருத்தன் அவர வளைக்கப் பாக்கறான் பிரிசில்லா. நாளைக்கு அவரு வந்து, பாத்து, திருப்தியானாதான் மறுபடி கையெழுத்துப் போடுவாரு. போடலன்னு வெச்சிக்க, மொதல்ல நான் நிறுத்த வேண்டியது டெஸ்டிங் டீமதான். வேற வழி கெடையாது."

டெஸ்டிங் டீம் என்பது பிரிசில்லா ஒருத்திதான்.

அவள் இதற்கு முன் சிறுசேரியில் வேலை பார்த்தவள். காலை ஆறரைக்கு வேன் ஏறினால் வீடு திரும்ப ஒன்பது. இரண்டு வருஷம் மகளைத் தூங்குகிற முகமாகவே பார்த்தாள். இங்கே ஆறு மணிக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினால் ஆறேகாலுக்கு வீடு. மகள் வீட்டுப்பாடத்தை விரித்துவைத்து வாசலிலேயே காத்திருப்பாள். இந்த வேலை போனால் மறுபடியும் அந்த வேன்தான். 

எல்லாச் சோதனையையும் ஓட்டிமுடிக்க ஆறு மணி நேரம் ஆகும். அருணகிரி அரை மணி உட்கார்ந்தாலே பெரிது. அதனால், "அவரு சம்பந்தப்பட்டத மட்டும் பொறுக்கி ஓட்டு" என்றிருந்தார் ஹரிஹரன். அதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு, நட்சத்திரக் குறி. நட்சத்திரம், அருணகிரி, நட்சத்திரம் என்று அடித்தால், முன்னால் எது இருந்தாலும் பின்னால் எது இருந்தாலும், நடுவில் அருணகிரி இருக்கிற சோதனையெல்லாம் எழுந்து வந்து வரிசையில் நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போடுகிற மாதிரிதான். யார் யார் வந்து இலையில் உட்காருவார்கள் என்று போட்டவருக்கே தெரியாது.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அவளுக்குப் பழகிப்போன பெயர்கள்தான்; ஒத்திகை பார்க்கலாமே என்று ஓட்டியபோதுதான், இதை அருணகிரியும் படிப்பாரே என்று தோன்றியது.

"கடவுளே" என்றாள் பிரிசில்லா. டீயை எப்படியோ விழுங்கிவிட்டாள்.

ஒவ்வொன்றாகப் பெயரை மாற்ற நேரமில்லை. ஒரே அடியாக, அருணகிரி என்று இருக்கிற இடத்தில் எல்லாம் 'முதலாளி' என்று மாற்றச் சொல்லிக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டாள். முதலாளி என்றால் யாரோ ஒரு முதலாளி. உலகத்தில் முதலாளிக்கா பஞ்சம்? மாற்றி முடித்து, நட்சத்திரம், முதலாளி, நட்சத்திரம் என்று அடித்தாள்.

இருநூற்று இருபத்தொன்பது வந்தது.

பதினேழு உபரி. எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிப்பதற்குள், மொட்டைமாடியில் போன் பேசி முடித்துவிட்டு ஹரிஹரன் இறங்கி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் அப்போது வரிசையாக மூன்று பச்சை.

"முதலாளி_மொட்டைமாடியிலிருந்தே_மாற்றச்_சொன்னார்."

"முதலாளி_மாற்றியதை_மறுபடி_மாற்றச்_சொன்னார்."

"முதலாளி_பழையபடியே_வைக்கச்_சொன்னார்."

ஹரிஹரன் மூன்றையும் நிதானமாகப் படித்தார்.

"யாரு இந்த முதலாளி?"

"அருணகிரி ஐயாதான் சார். மரியாதைக்காகப் பேர மாத்தினேன்."

"அவரு எப்ப நம்ம மொட்டமாடிக்கு வந்தாரு?"

பிரிசில்லா அந்த மூன்று வரியையும் மறுபடி படித்தாள். கலைவாணனின் பேனா யாரையும் விட்டுவைத்ததில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"கலைவாணன் எழுதினதா?" ஹரிஹரன் குரல் இறங்கிவிட்டது. "மூணு தடவ மாத்தச் சொன்னேன், இல்லேங்கல. ஆனா கடைசில பழையபடி வெச்சதுதான நல்லா வந்துச்சு? அத ஏன் அவன் எழுதல?"

"நல்லா வந்தா டெஸ்ட் எழுத மாட்டாங்க சார்."

"சரி சரி. மொதல்ல என்னைய இதுலருந்து எடு. கஸ்டமர் முன்னாடி என் மானம் போவக் கூடாது."

மனிதர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிரிசில்லா பதறிப்போய், போட்ட உத்தரவை அப்படியே திருப்பிப் போட்டாள். முதலாளி என்று இருக்கிற இடத்தில் எல்லாம் மறுபடி அருணகிரி. அடித்து, சேமித்து, எண்ணிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மட்டுமா திரும்பும்? இருநூற்று இருபத்தொன்பதும் அருணகிரி ஆகிவிட்டது. இப்போது ஹரிஹரன் செய்ததும் சேர்த்து அருணகிரி தலையில். "அருணகிரி_மாற்றியதை_மறுபடி_மாற்றச்_சொன்னார்" என்று பச்சையாகச் சிரித்தது திரை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிடித்த குரங்கோடு இன்னும் பதினேழு குட்டி.

பழைய நகலை எடுத்து மேலே போட்டால் பெயர்கள் திரும்பிவிடும். ஆனால் காலையில் சதுரங்கப்பட்டினம் லாட்ஜுக்காகச் செய்த திருத்தங்களும் அதோடு போய்விடும். அது போனால் இன்றைக்குப் பாதித் திரை சிவப்பு.

"எல்லாம் சரியாச்சா?" என்றார் ஹரிஹரன்.

"உங்க பேரு சுத்தமா போயிடுச்சு சார்."

"அப்பாடா" என்று அவர் டிவியைத் துடைக்கப் போய்விட்டார். சோதனையைப் பெரிதாகக் காட்டுவதற்காகத் தன் வீட்டுக் கூடத்திலிருந்த டிவியையே கழற்றிக்கொண்டு வந்து மாட்டியிருந்தார் மனிதர்.

மணி பத்து முப்பத்தைந்து. பிரிசில்லா பெங்களூருக்குப் போன் போட்டாள்.

"இன்னா பிரிசி, எப்டி கீற?" என்றான் கலைவாணன்.

"நீ வெச்ச பேரால நான் இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இந்த வேலைல இருப்பனான்றதே சந்தேகம். ஏன் கலை இப்டிப் பேரு வெச்ச?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் ஒரு நிமிஷம் நன்றாகச் சிரித்தான்.

"கஸ்டமர் பாக்கறதுக்கா வெச்சேன்? வூட்டுக்கு வந்த விருந்தாளிக்கு சமையக்கட்ட தெறந்து காட்டுவாங்களா? அது நமக்குள்ள."

"சமையக்கட்டுலதான் இன்னிக்குப் பந்தியே. இப்ப இன்னா பண்றது?"

"இரு, யோசிக்கறேன்." யோசித்தான். "பேஜாரு ஒண்ணும் இல்ல. நானு எல்லாத்தயும் மரியாதயாதான் முடிச்சிருப்பேன். மறந்தார், கொடுத்தார், போட்டார். கடைசில ஆர்னு முடியறத மட்டும் வுட்டுட்டு ஓட்டு. நட்சத்திரம் போட்டு ஆர் போடு. வேணாம்னு சொல்லிடு."

"அப்ப மிச்சம்?"

"மிச்சம்லாம் சாதுவா இருக்கும். ரூமு, சாவி, துணின்னு."

அவன் சொன்னபடியே அடித்தாள். இருநூற்றுச் சொச்சமும் சத்தமில்லாமல் வெளியேறின. அருணகிரி பெயரில் மிச்சம் பதினொன்று. பிரிசில்லாவுக்கு மூச்சு வந்தது. ஓட்டினாள்.

"அருணகிரி_மறுபடியும்_சாவியைத்_தொலைச்சான்."

"அருணகிரிக்கு_எத்தனை_தடவை_சொல்றது."

கலைவாணன் நாஸ்தா பண்ணாமல் வேலைக்கு வந்த நாட்களில் எழுதியவை போலிருக்கிறது. மரியாதையாகத் திட்டியதெல்லாம் வெளியே போய், மரியாதை கெட்டுத் திட்டியது மட்டும் உள்ளே தங்கிவிட்டது. நல்லவேளை, அந்தப் பதினொன்றையும் கையாலேயே அழித்து வேறு பெயர் வைக்க முடிந்தது. ஆனால் அதற்குள் மணி பத்து ஐம்பது.

கடைசியில்தான் ஓர் எளிய வழி தோன்றியது. பெயரைக் காட்டினால்தானே வம்பு? பெயரே காட்டாமல், சோதனைக்கு ஒரு பச்சைப் புள்ளி மட்டும் காட்டும்படி வைக்கலாமே. வைத்தாள். திரையில் வெறும் புள்ளிகள் அமைதியாக ஊர்ந்தன. இதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் மனசு லேசாகி, மகளுக்கு இன்று பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு போகலாம் என்றுகூட நினைத்தாள்.

பத்து ஐம்பத்து நாலுக்கே படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவர் பிரிசில்லாவின் மனப்படத்துக்கு ஒத்தே வரவில்லை. அறுபது வயது இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, சட்டை. தட்டித் தடவுகிற ஆளாகத் தெரியவில்லை; அரிசியில் கல் பொறுக்குகிறவர் மாதிரி எதையும் ஒருமுறை கூர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். பின்னால் அவருடைய டிரைவர் ஆனந்தன், தண்ணீர் பாட்டிலும் பையுமாக வந்து கதவோரம் நின்றான்.

"வாங்கய்யா, வாங்க" என்று ஹரிஹரன் நாற்காலியைத் துடைத்தார். டிவியை ஏற்கெனவே நாலு தடவை துடைத்தாகிவிட்டது.

"நேரம் இல்ல தம்பி. ஒரு கல்யாணத்துக்குப் போவணும். காட்டு, இன்னா காட்றன்னு பாப்போம்."

பிரிசில்லா ஓட்டினாள். டிவியில் பச்சைப் புள்ளிகள் வரிசை கட்டின. ஒன்றுகூடச் சிவப்பு இல்லை. ஹரிஹரன் பெருமையோடு அருணகிரி முகத்தைப் பார்த்தார். அருணகிரி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னாமா இது, புள்ளி வெச்சிகினே போவுது? கோலம் எப்ப போடுவ?"

"இதுதாங்கய்யா சோதனை. ஒவ்வொரு புள்ளியும் உங்க லாட்ஜுக்காக நாங்க…"

"சென்னக்காரன் கலர் கலரா படம் காட்டினான். நீ புள்ளி காட்ற. இதுல எங்க லாட்ஜு எங்க கீது? எங்க பேரு எங்க கீது?"

"பேரோட காட்டலாங்கய்யா!" என்று துள்ளினார் ஹரிஹரன். "பிரிசில்லா, பேரோட காட்டு."

பிரிசில்லா கண்ணால் வேண்டாம் என்றாள். கண் ஜாடை புரிகிற முதலாளியாக இருந்தால் மூன்று தடவை மாற்றச் சொல்லியிருப்பாரா? "காட்டும்மா, ஐயாவுக்கு நேரமாவுது" என்று மறுபடி சொன்னார்.

வேறு வழியில்லை. பெயரைத் தெரியவைத்தாள். எந்தச் சொல்லைக் கேட்டால் வம்பு வராது என்று தலைக்குள் ஓடவிட்டுப் பார்த்து, நட்சத்திரம், தலையணை, நட்சத்திரம் என்று அடித்தாள். தலையணையில் யார் என்ன தப்பு செய்துவிட முடியும்?

"தலையணை_எண்ணிக்கை_சரி." பச்சை. "தலையணை_உறை_மாற்றும்_நாள்." பச்சை. "மாமல்லபுரம்_கூடுதல்_தலையணை." பச்சை. அவ்வளவுதான். மூன்றோடு நின்றுவிட்டது.

"தலகாணி நல்லாத்தான் கீது" என்றார் அருணகிரி. "தலகாணிய வுட்டா வேற ஒண்ணும் இல்லியா?" கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி நாற்காலிக் கைப்பிடியில் கை ஊன்றினார்.

ஹரிஹரனுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் இல்ல? ஆயிரத்து எண்ணூறு கீது!" என்று குறுக்கே பாய்ந்தார். பதற்றம் வந்தால் அவருக்கும் ஊர்ப்பேச்சு வந்துவிடும். பிரிசில்லாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, இரண்டு நட்சத்திரத்துக்கும் நடுவே இருந்த தலையணையை அழித்துவிட்டு, ஓட்டு என்று அழுத்தினார்.

நடுவில் ஒன்றுமே இல்லை என்றால் எல்லாமே வரலாம் என்று அர்த்தம். பத்திரிகையில் பெயரே எழுதாமல் ஊர் முழுக்கக் கொடுத்த மாதிரி. வரிசை அகரத்தில் ஆரம்பித்தது. அகரத்தில் முதலில் வந்து நின்றவர் அருணகிரி.

"அருணகிரி_மச்சானுக்குக்_கடல்_பார்த்த_ரூமைக்_கொடுத்தார்."

"அருணகிரி_மத்தியானம்_தூங்க_எட்டாம்_நம்பர்_ரூமைத்_திறந்தார்."

"அருணகிரி_மறுபடியும்_பாஸ்வேர்டை_மறந்தார்."

வீட்டுக் கூடத்து டிவியில் ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் பருமன். பிரிசில்லா நிறுத்துகிற பட்டனைத் தேடிக் கையை நீட்டினாள். ஹரிஹரனும் நீட்டினார். இருவர் கையும் மோதி, கீபோர்டு கீழே விழுந்தது.

"நிறுத்தாத" என்றார் அருணகிரி.

ஊன்றிய கையை எடுத்துவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து குட்டி டைரியும் பேனாவும் வந்தன. கல்யாணத்துக்குப் போக வேண்டியவர் ஒரு வரி விடாமல் படிக்க ஆரம்பித்தார். சில வரிகளுக்குத் தலையை ஆட்டினார். சிலவற்றை எழுதிக்கொண்டார். "அருணகிரி_திருவிடந்தை_ரூமுக்கு_சதுரங்கப்பட்டினம்_சாவியைக்_கொடுத்தார்" என்று வந்தபோது, "அடப்பாவி" என்று மெதுவாகச் சொன்னார்.

தன்னைத்தானே இப்படிச் சொல்லிக்கொள்கிற மனிதரை பிரிசில்லா பார்த்ததில்லை. ஹரிஹரன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். கதவோரம் நின்ற ஆனந்தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஐயாவுக்குக் கொடுக்காமல் தானே குடித்தான்.

இருபது நிமிஷம் கழித்து அருணகிரி கண்ணாடியைக் கழற்றினார்.

"இதெல்லாம் நெஜமா நடந்ததா, இல்ல நீங்களா எழுதினதா?"

"சும்மா ஒரு தமாசுக்குங்கய்யா…" என்று ஆரம்பித்தார் ஹரிஹரன்.

பிரிசில்லாவுக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. தமாசு என்று சொல்லித் தப்பித்தால், இரண்டு வருஷமாக அவளும் அவளுக்கு முன்னால் கலைவாணனும் கண்விழித்துப் பார்த்த வேலை முழுவதும் தமாசாகிவிடும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. வேன்தான் என்றால் வேன்தான்.

"நெஜங்கய்யா" என்றாள். "பேரு வெச்ச விதம் தப்பு, மன்னிச்சிடுங்க. ஆனா நடந்தது நடந்ததுதான். ஒவ்வொண்ணும் உங்க லாட்ஜுலருந்து வந்த பதிவு. ஒவ்வொண்ணையும் சரி பண்ணிட்டு, திரும்ப அது வராம பாத்துக்கத்தான் இத எழுதி வெச்சிருக்கோம். இருநூத்திப் பன்னெண்டு உங்களுது. பதினேழு மட்டும் உங்களுது இல்ல."

"அது யாருது?"

"அது… வேற ஒரு முதலாளிங்கய்யா."

ஹரிஹரன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அருணகிரி ஹரிஹரனைப் பார்த்தார். முதன்முறையாக அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"இதுக்கெல்லாம் தேதி, நேரம் கீதாமா உங்கிட்ட?"

"ஒவ்வொண்ணுக்கும் இருக்குங்கய்யா. எந்த லாட்ஜு, எந்தக் கம்ப்யூட்டர் பொட்டின்னுகூட இருக்கு."

"இந்த இருநூத்திப் பன்னெண்டையும் தேதி, நேரம் போட்டு பிரிண்ட் எடு."

பிரிண்டர் கரகரவென்று ஆரம்பித்தது. ஹரிஹரன் பிரிசில்லா காதருகே வந்து, "போச்சு. கோர்ட்டுக்குப் போறாரு. மானநஷ்ட கேஸு" என்றார்.  பிரிசில்லாவுக்கு ஆறரை மணி வேனின் ஹாரன் சத்தமே காதில் கேட்டது.

அருணகிரி எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"கையெழுத்து எங்க போடணும்?"

"எதுலங்கய்யா?"

"இன்னா தம்பி, முழிச்சிகினு கீறயா? உங்க ஒப்பந்தத்துலதான். ஒரு வருசம்னு போட்டுகினு கீறீங்க. அத மூணு வருசம்னு மாத்து."

ஹரிஹரன் பேனாவைத் தேடி ஓடினார். அருணகிரி கையெழுத்துப் போட்டுவிட்டு, விரலை உயர்த்தினார்.

"ரெண்டு விசயம். அருணகிரின்ற பேர ஒண்ணுலயும் மாத்தக் கூடாது. அப்டியே இருக்கணும். மாசாமாசம் புதுசா இன்னா சேருதோ, தேதி நேரத்தோட எனக்கு வரணும். அத இந்தப் பொண்ணுதான் அனுப்பணும், வேற யாரும் கூடாது. நல்லா வெச்சிகினு கீறமா. சென்னக்காரன் காட்டின படத்துல ஒரு உண்ம கெடையாது."

விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

ஹரிஹரன் ஒப்பந்தத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். கண்ணில் நீர் தளும்பியது. "பெரிய மனுசன்னா இவருதான் பிரிசில்லா. நானு பதினேழுக்கே பொங்கிட்டேன். அவரு இருநூத்திப் பன்னெண்டு!" என்றார். அன்றிலிருந்து தான் எதையும் ஒரு தடவைக்கு மேல் மாற்றச் சொல்லப் போவதில்லை என்று சபதம் செய்துவிட்டு, இந்த நல்ல செய்தியை வீட்டுக்குச் சொல்ல மொட்டைமாடிக்குப் போனார்.

பிரிசில்லாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பன் இல்லை, இன்று மகளுக்கு ஒரு முழு கேக்கே வாங்கலாம். பிரிண்டர் கடைசிப் பக்கத்தைத் துப்பியது. அதை எடுத்துக்கொண்டு போவதற்காக ஆனந்தன் மட்டும் நின்றிருந்தான். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, விரலால் தேதிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க ஐயா தங்கமான மனுசர்ணா" என்றாள் பிரிசில்லா மனசு நிறைந்து. "தன்னப் பத்தி இவ்ளோ படிச்சிட்டும் ஒரு வார்த்த கோவமா பேசலியே."

ஆனந்தன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவரப் பத்தியா? இன்னாம்மா நீ, ஐயா கம்ப்யூட்டர் பொட்டியத் தொட்டதே கெடையாது. அவரு பேரு, அவரு பாஸ்வேர்டு போட்டு உள்ள பூந்து மூணு லாட்ஜுலயும் வேல செஞ்சிகினு கீறது நாங்க பதினாலு பேரு!"